மாதிரி விமான டிரான்ஸ்மிட்டரில் சுவிட்ச் ஒழுங்கு: ஒரு வரலாறு

வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரி விமானம் என்பது, தரையில் நிற்பவர் தம் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டர் (பரப்பி) வழியாக அனுப்பும் ரேடியோ அலைகளால் இயங்கும் சிறிய விமானம் ஆகும். பேச்சுவழக்கில் இதனை ஆர்.சி. விமானம் என்பர், டிரான்ஸ்மிட்டரை ரிமோட் என்பர். இன்றைய டிரான்ஸ்மிட்டரில் இரு கட்டைவிரல்களுக்கும் இரண்டு ஸ்டிக்குகள் இருக்கும். அவற்றைச் சுற்றிலும், பெட்டியின் மேல் விளிம்பிலும் ஆறு, எட்டு என்று சுவிட்சுகள் நிற்கும். எந்தச் சுவிட்ச் எந்த வேலையைச் செய்ய வேண்டும், எந்தப் பக்கம் தள்ளினால் என்ன நடக்க வேண்டும் என்று பறக்கும் முன்பே வகுத்துக்கொள்வதையே இக்கட்டுரை சுவிட்ச் ஒழுங்கு என்று குறிப்பிடுகிறது.

இது சிறிய விஷயம்போலத் தோன்றலாம். ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மாதிரி விமானம் ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் நகர்கிறது. சுவிட்சைத் தேட இரண்டு வினாடி குனிந்து பார்த்தால் விமானம் 33 மீட்டர் தாண்டிப் போயிருக்கும். நிமிர்ந்து பார்க்கும்போது அது வருகிறதா, போகிறதா என்றே புரியாமல் போகலாம். எனவே கண் விமானத்தில் இருக்க வேண்டும். சுவிட்சைக் கை தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். சுவிட்சுகளின் எண்ணிக்கை வேகமாகப் பெருகியது. அவற்றுக்கான ஒழுங்கு மெதுவாக, பெரும்பாலும் விபத்துகளுக்குப் பிறகே வந்தது. அந்த வரலாற்றைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

பொத்தான் ஒன்றே இருந்த காலம்

ரேடியோ அலையால் ஓர் ஊர்தியைத் தொலைவிலிருந்து இயக்கிக் காட்டியவர்களில் முன்னோடி நிகோலா டெஸ்லா. 1898ஆம் ஆண்டில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு சிறு படகைக் கம்பியில்லாமல் ஓட்டிக் காட்டினார். அதற்கான அமெரிக்கக் காப்புரிமை அதே ஆண்டு நவம்பர் 8 அன்று வழங்கப்பட்டது.

விமானத்திற்கு இம்முறை வரச் சில பத்தாண்டுகள் ஆயின. பிரிட்டன் 1935இல் 'குயின் பீ' என்ற ஆளில்லா இலக்கு விமானத்தைப் பயன்படுத்தத் தொடங்கியது. பீரங்கிப் படையினர் சுட்டுப் பழகுவதற்காக உருவான இவ்விமானத்தைத் தரையிலிருந்து இயக்க, பழைய தொலைபேசியில் எண் சுழற்றும் வட்டு போன்ற ஒரு கருவி இருந்தது. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு கட்டளை. 'டிரோன்' என்ற இன்றைய சொல் இந்த ராணித் தேனீயின் பெயரை ஒட்டியே பிறந்தது என்பர். ஆங்கிலத்தில் அச்சொல் ஆண் தேனீயைக் குறிக்கும்.

பொழுதுபோக்காக விமானம் செய்தவர்களில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் புகழ்பெற்றவர்கள். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரைச் சேர்ந்த இவர்கள் 'கஃப்' என்ற மாதிரி விமானத்தை 1937இல் பறக்கவிட்டனர். அது இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத் தொகுப்பில் உள்ளது.

அக்காலத்திலும் அடுத்து வந்த ஆண்டுகளிலும் பெரும்பாலான பொழுதுபோக்கு டிரான்ஸ்மிட்டர்களில் இருந்தது ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் அலை போகும், விட்டால் நிற்கும். இந்த ஒரு பொத்தானை வைத்து வலம், இடம் இரண்டையும் எப்படிச் சொல்வது? விமானத்தின் உடலுக்குள் முறுக்கிய ரப்பர் பட்டை ஒன்று இருக்கும். ஒவ்வொரு முறை அலை வரும்போதும் ஒரு சிறு பல்சக்கரம் ஒரு படி சுழன்று வாலிலுள்ள சுக்கானைத் திருப்பும். ஒருமுறை அழுத்திப் பிடித்தால் வலப்பக்கம். அழுத்தி விட்டு மறுபடி அழுத்திப் பிடித்தால் இடப்பக்கம். மூன்றாம் அழுத்தத்திற்கு என்ஜின் வேகத்தையோ வேறொரு வேலையையோ வைத்துக்கொண்டனர்.

இங்கேதான் ஒதுக்கீடு என்ற எண்ணம் தொடங்குகிறது. ஒன்று என்றால் வலம், இரண்டு என்றால் இடம் என்பது இயற்கை விதி அன்று. செய்தவர் வைத்த ஏற்பாடு. எண்ணிக்கையில் ஒன்று தவறினாலும் விமானம் எதிர்ப்பக்கம் திரும்பும். அதனால் பறக்கவிடுபவர் ஒவ்வோர் அழுத்தத்தையும் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே நின்றார்.

சுவிட்சுகள் வரிசையில் வந்தன

1950களில் 'ரீடு' முறை பரவியது. ஆர்மோனியத்துக்குள் உள்ள உலோக நாக்குகளை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ஒவ்வொரு நாக்கும் தனக்குரிய சுரத்திற்கு மட்டுமே அதிரும். டிரான்ஸ்மிட்டர் ஒரு சுரத்தை அலையில் ஏற்றி அனுப்பும். விமானத்திலுள்ள ரிசீவரில் (ஏற்பி) அந்தச் சுரத்துக்கு உரிய நாக்கு அதிர்ந்து மின்தொடர்பை ஏற்படுத்தும். அதற்குரிய மோட்டார் ஓடும்.

பத்து நாக்குகள் கொண்ட கருவியில் ஐந்து வேலைகள் நடந்தன. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு திசைகள் தேவை என்பதால் இரண்டு நாக்குகள். டிரான்ஸ்மிட்டரின் முகத்தில் இதற்காக மேலும் கீழும், இடமும் வலமும் சாயும் சிறிய சுவிட்சுகள் பொருத்தப்பட்டன. சுக்கானுக்கு ஒன்று, மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டருக்கு ஒன்று, இறக்கையைச் சாய்க்கும் எய்லரானுக்கு ஒன்று, என்ஜின் வேகத்திற்கான திராட்டிலுக்கு ஒன்று, விமானத்தைச் சமநிலையில் வைக்கும் நுண்திருத்தத்திற்கு ஒன்று.

மாதிரி விமானக்காரருக்கு முதன்முதலாக 'எதை எங்கே வைப்பது' என்ற கேள்வி எழுந்தது இப்போதுதான். வளையும்போது எலிவேட்டரும் எய்லரானும் ஒன்றாக வேண்டும். அவை இரண்டும் ஒரே கட்டைவிரலுக்குக் கீழ் இருந்தால் ஒரே நேரத்தில் இயக்குவது கடினம். ஆகவே அவற்றைக் கைக்கொன்றாகப் பிரித்தனர். வசதியைப் பார்த்து எடுத்த இத்தகைய முடிவுகள் பிறகு பழக்கமாயின.

விகிதமுறையும் இரண்டு மரபுகளும்

ரீடு முறையில் சுக்கான் திரும்பினால் முழுவதும் திரும்பும். கொஞ்சம் திருப்ப வேண்டுமானால் சுவிட்சைத் தட்டித் தட்டி விட வேண்டும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவான டிஜிட்டல் விகிதமுறைக் கருவிகள் இதை மாற்றின. ஸ்டிக்கை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவே சுக்கான் திரும்பும்.

இதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. சர்வோ என்ற சிறிய மோட்டார் கருவிக்கு ஏறக்குறைய 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பு போகிறது. துடிப்பின் நீளம் 1 மில்லிவினாடி என்றால் ஒரு கோடி, 2 மில்லிவினாடி என்றால் மறுகோடி, 1.5 என்றால் நடு. ஒவ்வொரு சர்வோவுக்கும் ஒரு தனிப் பாதை. அதற்குச் சேனல் என்று பெயர். ஸ்டிக் இந்த நீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றும். இரண்டு நிலைச் சுவிட்ச் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தாவச் செய்யும். மூன்று நிலைச் சுவிட்ச் நடுவிலும் நிற்கும்.

இரண்டு ஸ்டிக்குகளில் நான்கு வேலைகளை எப்படிப் பங்கிடுவது என்பதில் இரண்டு மரபுகள் நிலைத்தன. முதல் முறையில் (மோட் 1) எலிவேட்டரும் சுக்கானும் இடக்கையில். திராட்டிலும் எய்லரானும் வலக்கையில். இரண்டாம் முறையில் (மோட் 2) திராட்டிலும் சுக்கானும் இடக்கையில். எலிவேட்டரும் எய்லரானும் வலக்கையில். இரண்டுமே நல்ல முறைகள்தாம். ஆனால் ஒரு முறையில் பழகியவர் கையில் மற்றதைக் கொடுத்தால், அவர் விமானத்தை மேலே ஏற்ற நினைத்து என்ஜினை அணைக்கக்கூடும். எந்த முறை சிறந்தது என்பதைவிட, எந்த முறை என்று முன்பே கேட்டுக்கொள்வது முக்கியம்.

நான்கு சேனல்கள் ஸ்டிக்குகளுக்குப் போய்விட்டதால், ஐந்தாவது சேனல் முதல் சுவிட்சுகளின் ஆட்சி தொடங்கியது. சக்கரங்களை உள்ளே மடக்குவதற்கு ஐந்தாவது. வேகம் குறைத்து இறங்க உதவும் ஃபிளாப்புக்கு ஆறாவது என்பது பரவலான வழக்கம் ஆயிற்று. ஸ்டிக்கின் வீச்சைக் குறைக்கவும் கூட்டவும் வேறு சுவிட்சுகள் சேர்ந்தன.

ஆசிரியருக்கென ஒரு சுவிட்ச்

பயிற்சிக்காக வந்த சுவிட்ச் தனியாகக் குறிப்பிடத் தக்கது. ஆசிரியரின் டிரான்ஸ்மிட்டரும் மாணவரின் டிரான்ஸ்மிட்டரும் ஒரு கம்பியால் இணைக்கப்படும். ஆசிரியர் ஒரு சுவிட்சை இழுத்துப் பிடித்திருக்கும் வரை விமானம் மாணவர் கையில். விரலை எடுத்தால் அடுத்த கணமே விமானம் ஆசிரியர் கைக்கு வந்துவிடும்.

இச்சுவிட்சில் ஒரு விசைச்சுருள் இருப்பது தற்செயல் அன்று. ஆசிரியர் பதறினாலும், தடுமாறினாலும் அவர் விரல் விலகும். விலகினால் நடப்பது பாதுகாப்பான செயல். 'கை விட்டால் ஆபத்து' என்பதற்கு மாறாக 'கை விட்டால் காப்பு' என்று அமைத்திருக்கிறார்கள். சுவிட்ச் ஒழுங்கின் முதல் பாடம் இதுவே: ஒரு சுவிட்ச் எதைச் செய்கிறது என்பதோடு, அதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

பெரிய விமானங்கள் கற்றுத்தந்த பாடம்

மாதிரி விமானக்காரர்கள் இக்கேள்வியைச் சந்திப்பதற்கு முன்பே பெரிய விமானங்கள் அதற்கு விலை கொடுத்திருந்தன. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே வயிறு தேய விழுந்த நிகழ்வுகள் உண்டு. தரையிறங்கியதும் விமானி ஃபிளாப்பை மேலே ஏற்ற வேண்டும். அதற்குப் பதிலாகச் சக்கரங்களை மடக்கிவிட்டனர்.

விமானிகளின் கவனக்குறைவு என்று இதை முடித்துவிட்டிருக்கலாம். 1943இல் இதை ஆராய்ந்த உளவியலாளர் அல்போன்ஸ் சபானிஸ் விமானியறையைப் பார்த்தார். ஃபிளாப் சுவிட்சும் சக்கரச் சுவிட்சும் அருகருகே, ஒரே வடிவத்தில் இருந்தன. களைத்துப் போன கை ஒன்றுக்குப் பதில் மற்றதைத் தொட்டதில் வியப்பில்லை. சக்கரக் கட்டுப்பாட்டின் முனையில் ஒரு சிறு சக்கரத்தையும், ஃபிளாப் கட்டுப்பாட்டின் முனையில் ஓர் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்துவதே அவர் கண்ட தீர்வு. தொட்ட உடனே விரல் வேறுபாட்டை அறிந்துகொள்ளும். இன்றும் பயணிகள் விமானங்களில் சக்கரப் பிடி சக்கர வடிவிலும் ஃபிளாப் பிடி இறக்கை வடிவிலும் இருப்பதைக் காணலாம்.

1947இல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் இருவரும் 'விமானியின் தவறு' என்று பதிவான 460 அனுபவங்களைத் தொகுத்து ஆராய்ந்தனர். அவற்றில் ஏறக்குறைய பாதி, ஒரு கட்டுப்பாட்டுக்குப் பதில் வேறொன்றை இயக்கியதால் வந்தவை. மனிதரைத் திட்டுவதைவிடப் பலகையைத் திருத்துவது பயன் தரும் என்பதை இந்த ஆய்வுகள் நிலைநாட்டின.

கணினி உள்ளே வந்த பிறகு

1980கள் முதல் டிரான்ஸ்மிட்டருக்குள் நுண்கணினி நுழைந்தது. அதற்கு முன் ஒரு சுவிட்ச் ஒரு சேனலோடு கம்பியால் இணைந்திருந்தது. மாற்ற வேண்டுமானால் பெட்டியைத் திறந்து பற்றவைப்புக் கோலை எடுக்க வேண்டும். கணினி வந்ததும் எந்தச் சுவிட்சையும் எந்த வேலைக்கும் வைக்கலாம். ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனி அமைப்பை நினைவகத்தில் சேமிக்கலாம் என்றாயிற்று.

பிறகு திறந்த மூல மென்பொருள்கள் வந்தன. 'ஓப்பன்டிஎக்ஸ்', அதிலிருந்து கிளைத்த 'எட்ஜ்டிஎக்ஸ்' ஆகியவை தன்னார்வலர்கள் கூடி எழுதியவை. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். 2013 வாக்கில் வந்து பரவலான 'டரானிஸ்' டிரான்ஸ்மிட்டரில் எட்டு சுவிட்சுகள் இருந்தன. ஆறு மூன்று நிலை கொண்டவை. ஒன்று இரண்டு நிலை கொண்டது. மற்றொன்று விட்டதும் தானே திரும்பி வருவது. இவற்றின் நிலைகளை எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று பெருக்கிப் பார்த்தால் 729 × 2 × 2 = 2,916 வருகிறது. இத்தனை சேர்க்கைகளில் பறப்பவருக்குத் தேவைப்படுவது பத்தோ பதினைந்தோதான்.

இந்தச் சுதந்திரமே புதிய ஆபத்தையும் கொண்டுவந்தது. ஒரு விமானத்தில் இடப்பக்கச் சுவிட்ச் ஃபிளாப்பை இறக்கும். இன்னொன்றில் அதே சுவிட்ச் மோட்டாரை நிறுத்தும். நினைவகம் இரண்டையும் மறக்காது. மனிதக் கையோ பழைய பழக்கத்தில் ஓடும்.

இதே காலத்தில் மற்றொரு மாற்றமும் நடந்தது. பழைய எரிபொருள் என்ஜினைக் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும், தானாகத் தொடங்காது. லித்தியம் பாலிமர் மின்கலமும் தூரிகையில்லா மோட்டாரும் பரவியபின் நிலைமை வேறு. மின்கலத்தை இணைத்ததும் விமானம் தயார். சட்டைக் கை ஸ்டிக்கில் உரசினாலும் விசிறி சீறிச் சுழலும்; விரலை வெட்டும் வேகம் அதற்கு உண்டு. அதனால் 'திராட்டில் கட்' எனப்படும் மோட்டார் தடுப்புச் சுவிட்ச் எல்லாவற்றிலும் முதன்மையானது ஆயிற்று. பல அமைப்புகளில் ஸ்டிக் அடியில் இருந்தால் மட்டுமே இந்தத் தடையை விடுவிக்க முடியும்படி இரட்டைக் காவல் வைக்கின்றனர்.

இந்தியாவிலும் தமிழகத்திலும்

பழைய டிரான்ஸ்மிட்டர்களில் ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே நேரத்தில் இயக்கினால் இரு விமானங்களும் விழக்கூடும். அதைத் தவிர்க்க மைதானங்களில் ஒரு பலகை வைத்து, தம் அலைவரிசைக்குரிய கிளிப்பை எடுத்தவர் மட்டுமே டிரான்ஸ்மிட்டரை இயக்கும் வழக்கம் இருந்தது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று 2005 ஜனவரியில் அரசு அறிவித்தது. அந்த அலைவரிசையில் இயங்கும் புதிய டிரான்ஸ்மிட்டர்கள் தத்தம் ரிசீவரை மட்டுமே அடையாளம் கண்டு பேசுகின்றன. கிளிப் பலகைக்கு வேலையில்லாமல் போயிற்று.

மாணவர்களுக்கு இத்துறை பல வாசல்களில் திறக்கிறது. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானப் பயிற்சி உண்டு. சென்னை குரோம்பேட்டையில் 1949இல் தொடங்கப்பட்ட எம்.ஐ.டி. கல்லூரி வானூர்திப் பொறியியலுக்குப் பெயர் பெற்றது. அப்துல் கலாம் அங்குதான் அத்துறையைப் பயின்றார். அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமான அக்கல்லூரியின் 'தக்ஷா' அணி, 2018இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா வானூர்திப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. தொலைவிலுள்ள ஒருவரிடமிருந்து இரத்த மாதிரியை ஆளில்லா வானூர்தி மூலம் பெற்று வருவது அப்போட்டியின் பணி. நடிகர் அஜித்குமார் அவ்வணிக்கு ஆலோசகராக இருந்ததால் அச்செய்தி தமிழகமெங்கும் பரவியது.

தானே பறக்கும் திறன் கொண்ட இத்தகைய கலன்களில் சுவிட்ச் ஒழுங்கு இன்னும் ஆழமான பொருள் பெறுகிறது. 'ஆர்டுபைலட்' போன்ற திறந்த மூலப் பறப்பு மென்பொருளில் ஒரே சேனலின் துடிப்பு நீளத்தை ஆறு பகுதிகளாகப் பிரித்து ஆறு பறப்பு முறைகளுக்கு வைக்கின்றனர். 1,230 மைக்ரோவினாடி வரை முதல் முறை. 1,750 முதல் ஆறாம் முறை. நடுவில் மற்ற நான்கு. கையால் ஓட்டுவது, இருந்த இடத்திலேயே நிற்பது, வரைந்த பாதையில் தானே போவது, புறப்பட்ட இடத்துக்குத் தானே திரும்புவது என்று அவை அமையும். இங்கே ஒரு சுவிட்ச் ஃபிளாப்பை மட்டும் அசைப்பதில்லை. விமானத்தை ஓட்டுவது மனிதரா, கணினியா என்பதையே தீர்மானிக்கிறது.

நொகாலஸ் விபத்து

சுவிட்ச் ஒழுங்கு தவறினால் எவ்வளவு பெரிய கலனும் விழும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2006 ஏப்ரல் 25 அதிகாலை, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நொகாலஸ் நகருக்கு அருகே, எல்லைக் காவலில் இருந்த 'பிரிடேட்டர் பி' என்ற ஆளில்லா விமானம் தரையில் விழுந்து சிதைந்தது. யாருக்கும் காயமில்லை.

தரைக்கட்டுப்பாட்டு அறையில் ஒரே மாதிரியான இரண்டு இருக்கைப் பலகைகள் இருந்தன. ஒன்று விமானிக்கு, மற்றது கேமராவை இயக்குபவருக்கு. எந்தப் பலகையிலிருந்தும் விமானத்தை ஓட்டலாம். விமானியின் பலகை செயலற்றுப் போனதும் அவர் கட்டுப்பாட்டை அடுத்த பலகைக்கு மாற்றினார். விமானியின் பலகையில் எரிபொருளைத் திறக்கவும் மூடவும் பயன்படும் நெம்புகோல், கேமராப் பலகையில் இருக்கும்போது கேமராவுக்குள் வரும் ஒளியின் அளவை மாற்றும். மாற்றிய நேரத்தில் அது இருந்த நிலை, விமானத்தின் மொழியில் 'எரிபொருளை மூடு' என்று பொருள்பட்டது. என்ஜின் நின்றுவிட்டது. மாற்றும் முன் இரு பலகைகளின் நெம்புகோல்களும் ஒரே நிலையில் உள்ளனவா என்று சரிபார்ப்புப் பட்டியல்படி பார்க்கவில்லை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை கண்டது.

ஒரே நெம்புகோல், இரண்டு பொருள். பள்ளி மைதானத்தில் இரண்டு விமானங்களுக்கு ஒரே டிரான்ஸ்மிட்டரை வைத்திருப்பவருக்கும் காத்திருப்பது இதே ஆபத்துதான். இந்த விமானம் நமக்கு முற்றிலும் அயலானதும் அன்று. மணவூரிலிருந்து சில ரயில் நிலையங்கள் தாண்டினால் வரும் அரக்கோணத்தில் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானத்தளம் உள்ளது. அதே குடும்பத்தைச் சேர்ந்த 'சீ கார்டியன்' ஆளில்லா விமானங்களைக் குத்தகைக்குப் பெற்ற கடற்படை, 2020 நவம்பர் முதல் அங்கிருந்து இயக்கத் தொடங்கியது.

ஒழுங்கமைக்கும் முறை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து கிடைக்கும் நடைமுறைகளை மாணவர்களின் வசதிக்காக இங்கே தொகுத்துத் தருகிறோம்.

1. முதலில் மோட்டார் தடுப்பு. மற்றவற்றை வகுப்பதற்கு முன் இதற்கு ஓர் இடம் கொடுத்துவிடவும். வைத்திருக்கும் எல்லா விமானங்களுக்கும் அதே சுவிட்ச், அதே திசை.

2. திசைக்கு ஒரே விதி. எடுத்துக்காட்டாக, 'எல்லாச் சுவிட்சும் மேலே இருந்தால் சாதாரண நிலை' என்று வைத்துக்கொண்டால், ஐயம் வரும்போது அனைத்தையும் மேலே தள்ளினால் போதும். பயிற்சி, சக்கரம், ஃபிளாப், பறப்பு முறை யாவும் இந்த விதிக்குள் வர வேண்டும். மோட்டார் தடுப்பும் தவறிப்போய் விழாதபடி இதற்குள் அமைய வேண்டும்.

3. அவசர வேலை அருகில். புறப்பட்ட இடத்துக்குத் திரும்புதல், கணினியிடமிருந்து கையோட்டத்துக்கு மாறுதல் ஆகியவை, ஸ்டிக்கிலிருந்து கட்டைவிரலை எடுக்காமலே ஆள்காட்டி விரல் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

4. அடிக்கடி தொடுவதும் ஆபத்தானதும் அடுத்தடுத்து வேண்டாம். பி-17 சொன்ன பாடம் இது. ஃபிளாப் சுவிட்சுக்குப் பக்கத்தில் மோட்டார் தடுப்பை வைக்கக் கூடாது.

5. விரலுக்கு ஓர் அடையாளம். முக்கியமான சுவிட்சின் தலையில் சிறிய ரப்பர் குழாயைச் செருகலாம். நீளத் தலையும் குட்டைத் தலையும் கலந்திருந்தாலும் விரல் கண்டுகொள்ளும்.

6. காதுக்கு ஓர் அடையாளம். பல டிரான்ஸ்மிட்டர்கள் நினைவட்டையில் உள்ள ஒலிக்கோப்பை ஒலிக்கச் செய்யும். 'மோட்டார் நின்றது', 'சக்கரம் கீழே' என்று தமிழிலேயே பதிவு செய்து வைக்கலாம். ஆங்கில அறிவிப்பைப் புரிந்துகொள்ளத் தயங்கும் சிறுவர்களுக்கு இது பேருதவி.

7. தொடக்க எச்சரிக்கை. டிரான்ஸ்மிட்டரை இயக்கும்போது சுவிட்சுகள் உரிய நிலையில் இல்லாவிட்டால் எச்சரிக்கும் வசதி உண்டு. தொந்தரவு என்று அதை அணைத்து வைக்கக் கூடாது.

8. அலை அறுந்தால் என்ன ஆகும்? தொடர்பு துண்டித்தால் மோட்டார் நிற்க வேண்டும் அல்லது விமானம் தானே திரும்ப வேண்டும். விசிறியைக் கழற்றிவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்து இதனைச் சோதிக்க வேண்டும். சுவிட்ச் அமைப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் விசிறியைக் கழற்றிவிட்டே சோதிக்கவும்.

9. எழுதி வைக்கவும். எந்தச் சுவிட்ச், எந்த நிலை, என்ன வேலை என்று ஓர் அஞ்சலட்டை அளவு தாளில் எழுதி டிரான்ஸ்மிட்டர் பெட்டியில் வைக்கவும். எழுத முடியாத அளவுக்குச் சிக்கலாக இருந்தால் அந்த அமைப்பைக் குறைக்க வேண்டும் என்று பொருள்.

சட்டமும் பொறுப்பும்

இந்தியாவில் டிரோன் விதிகள் 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியிடப்பட்டன. கல்வி, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காக மட்டும், கண்ணுக்குத் தெரியும் எல்லைக்குள் இயக்கப்படும் 25 கிலோகிராமுக்கு மேற்படாத கலனை அவ்விதிகள் மாதிரிக் கலன் என்று வரையறுக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் எல்லை என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கண்ணை விமானத்தின்மேல் வைத்திருப்பது பழக்கவழக்கமாக மட்டுமல்லாமல் சட்டத்தின் எதிர்பார்ப்பாகவும் ஆகியுள்ளது.

பறக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' தளத்திலுள்ள வான்வெளி வரைபடத்தில் அவ்விடம் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களில் எதில் வருகிறது என்று பார்ப்பது கட்டாயம். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. கடற்படை விமானத்தளம் அருகிலிருக்கும் அரக்கோணம், திருவாலங்காடு, மணவூர் பகுதி மாணவர்கள் இதில் தனிக் கவனம் கொள்ள வேண்டும். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையில் திரளும் கூட்டத்தின்மேல் விமானம் செலுத்துவதை நினைத்தும் பார்க்கக் கூடாது. ஒரு கிலோகிராம் எடையுள்ள மாதிரி விமானம்கூடத் தலையில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

இன்றைய நிலை

ஒற்றைப் பொத்தானை எண்ணி எண்ணி அழுத்திய காலத்தில் ஏற்பாடு ஒருவர் மனத்துக்குள் இருந்தால் போதுமானதாக இருந்தது. இன்று ஒரே டிரான்ஸ்மிட்டரைப் பள்ளியிலோ கல்லூரியிலோ பத்துப் பேர் பகிர்ந்துகொள்கின்றனர். விலை காரணமாக அப்படித்தான் இருக்க முடியும். காலையில் ஒரு மாணவி தம் வசதிக்காக மாற்றிய சுவிட்சை மாலையில் வேறொரு மாணவர் பழைய நினைப்பில் தட்டுவார். ஆகவே சுவிட்ச் ஒழுங்கு தனிநபர் விருப்பம் என்ற நிலையைக் கடந்துவிட்டது. அது ஒரு குழுவின் உடன்பாடு. சபானிஸ் பொருத்திய சிறு சக்கரமும், ஆசிரியரின் விசைச்சுருள் சுவிட்சும், பெட்டிக்குள் வைக்கும் எழுத்து அட்டையும் செய்வது ஒரே வேலையைத்தான். முன்பின் அறியாத இன்னொருவர் கையிலும் அந்தச் சுவிட்ச் அதே பொருளைத் தர வேண்டும். அணியாகப் பறக்கத் தொடங்கும் மாணவர்கள் முதல் நாளிலேயே எல்லோரும் கூடி அமர்ந்து அந்த அட்டையை எழுதிக்கொள்வதும், மாற்றம் செய்பவர் தேதியிட்டு அதில் திருத்துவதும் நல்ல தொடக்கம் ஆகும்.